சதுர வாயிலிருந்து வட்டக் குழாய்க்கு: தகட்டு இணைப்பின் கணினி மாதிரியாக்கம்

நாஞ்சில் நாட்டு அரிசி ஆலையொன்றில் சதுர வாயுடைய தொட்டியை வட்டக் குழாயுடன் பொருத்தும் தகட்டு இணைப்பைக் கணினியில் வரைதல் எளிது. தட்டையாக விரித்தலே கடினம்.

நீட்டாமலும் சுருக்காமலும் வளைக்கப்படும் பரப்பின் காஸிய வளைவு மாறாது என்பது காஸ் 1827இல் நிறுவிய தேற்றம். தட்டையான தகட்டில் அவ்வளவு சுழியம். அதனை வளைத்துப் பெறும் வடிவிலும் அது சுழியமாகவே இருத்தல் வேண்டும். மென்பொருளின் லாஃப்ட் கட்டளையால் சதுரத்தையும் வட்டத்தையும் நேரடியாக இணைக்கும்போது பெரும்பாலும் முறுக்குடைய பரப்பே கிடைக்கிறது. அஃது இந்நிபந்தனைக்கு உட்படாது.

ஆகவே பரப்பை நான்கு தட்டை முக்கோணங்களாகவும் நான்கு சாய்கூம்புப் பகுதிகளாகவும் பகுத்தல் வேண்டும். சதுரத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரு முக்கோணத்தின் அடி. ஒவ்வொரு மூலையும் ஒரு கூம்பின் உச்சி. வட்டத்தின் தொடுகோடு சதுரப் பக்கத்திற்கு இணையாகும் புள்ளியில் முக்கோணத்தின் உச்சி அமைந்தால் இவ்விரண்டும் மடிப்பின்றி இணையும்.

சான்றாக, 400 மி.மீ. பக்கமுள்ள சதுரத்திற்கு நேர்மேலே, 300 மி.மீ. உயரத்தில், 300 மி.மீ. விட்டமுள்ள வட்டம் அமைவதாகக் கொள்வோம். கால்வட்டத்தை மூன்று சமபாகங்களாக்கினால், மூலையிலிருந்து செல்லும் நான்கு கோடுகளின் மெய்ந்நீளங்கள் முறையே 364.0, 332.5, 332.5, 364.0 மி.மீ. ஆகும். விரிவுப்படத்தில் இவை பிறழ்ந்தால் வெட்டிய தகட்டின் விளிம்புகள் பொருந்தா. எனவே மாதிரியின் தகுதியை உறுதிசெய்வது திரையில் தோன்றும் உருவமன்று, விரிவுப்படமே.