வெயில் வெளுக்கும் சாயநீர்

பல வருஷம் வெயிலில் நின்ற வெள்ளைப் பெயின்ட் ஜன்னலைக் கையால் தடவிப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டும். மாமல்லபுரம் கடலோர வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். பெயின்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு, வெயில் பட்டதும் தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பசையையே அரித்துவிடுகிறது. வீட்டுக்காரருக்கு நஷ்டம்தான். ஆனால் இந்தக் குணத்தைக் கொண்டே கெட்ட நீரைச் சுத்தம் செய்யலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

ஒளி பட்ட இந்தப் பொருள் தண்ணீரையே பிளக்கும் என்று 1972-ல் ஜப்பானியரான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முருகேசன் குழுவினர் துணிச் சாயங்களை இவ்வாறு வெயிலில் சிதைத்து, 2002-ல் முடிவுகளை வெளியிட்டனர். அக்குழுவில் இருந்த நெப்போலியன் பின்னர் செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டாங்கொளத்தூரில், எஸ்.ஆர்.எம். நிறுவனத்தில் இத்துறை ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

பொடி தயாரிக்கும் முறை ஏறக்குறையச் சமையல்தான். டைட்டானியம் சேர்ந்த திரவத்தை ஆல்கஹாலில் கலந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் கூழாகும். அதை உலர்த்தி, 400, 500 டிகிரி சூட்டில் வறுத்தால் நுண்பொடி. கடையில் விற்கும் ஒரு ரகத்தில் ஒரு துகளின் குறுக்களவு மில்லிமீட்டரில் சுமார் 50,000-ல் ஒரு பங்கு. ஒரு கிராம் பொடியின் மேற்பரப்பு சுமார் 50 சதுர மீட்டர். ஒரு சிறு வீட்டின் தரை! அழுக்கு வந்து ஒட்டுவதற்கு அத்தனை இடம். ஒளி பட்டதும், நீரும் பிராணவாயுவும் சேர்ந்து அங்கே பிறக்கும் உக்கிரமான துணுக்குகள் சாயத்தைச் சிதைக்கின்றன.

அப்படியானால் கழிவுநீர் கலப்பதாக அடிக்கடி செய்தி வரும் கொளவாய் ஏரியில் நாலு மூட்டை கொட்டிவிடலாமே? கூடாது. கலங்கல் நீரில் ஒளி இறங்காது. இது ஆலை வாசலிலேயே, தெளியவைத்த நீருக்குச் செய்ய வேண்டிய வேலை. உப்பையும் இது நீக்காது; அதற்கு நெம்மேலியில் உள்ளது போன்ற கடல்நீர் ஆலைதான் வேண்டும்.

இன்னும் சங்கடங்கள் உண்டு. பொடியைத் தூண்டும் புற ஊதாக் கதிர் வெயிலில் நூற்றுக்கு ஐந்து பங்குதான். அதனால் நைட்ரஜன் முதலியவற்றைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை வாங்கப் பார்க்கிறார்கள். சாய நிறம் போனதும் நீர் சுத்தமாகிவிட்டது என்று நம்புவதும் ஆபத்து. நிறமற்ற அரைகுறைத் துண்டுகள் நீரில் தங்கியிருக்கலாம். அவையும் கரியமில வாயுவும் நீருமாகச் சிதையும் வரை விடக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, பொடியை மீட்பது. வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, விட்டால் பொடி நீரோடு போகிறது. கண்ணாடியில் பூசினால் போகாது. ஆனால் மேற்பரப்பில் பெரும்பகுதி வீணாகிவிடுகிறது. இப்போது ஆய்வுக்கூடங்களில் போராட்டமெல்லாம் இந்த இடத்தில்தான்.