சிறகுக்குள் பெற்றோல் தாங்கி

இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை எங்கள் பகுதியில் இன்றும் பலர் 'லாண்ட்மாஸ்டர்' என்றே சொல்கின்றனர். அது எந்தக் கம்பனியின் இயந்திரமாய் இருந்தாலும் பெயர் மாறுவதில்லை. அந்தப் பெயருக்குரிய இயந்திரத்தை 1950களில் உருவாக்கியவர் இலங்கையரான பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924-2010) ஆவார். இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டு அது பல நாடுகளுக்குச் சென்றது. நாம் இயந்திரமாக்கியது வேளாண்மையை அல்ல, எருமையைத்தான் என்று பிற்காலத்தில் அவரே தம் வேலையைக் குறை சொன்னார். அந்தக் கதை தனியே எழுத வேண்டியது.

அதே மனிதர் சிறு விமானங்களைத் தாமே வடிவமைத்து, கட்டி, தாமே ஏறி ஓட்டிப் பார்த்தவர் என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. வீட்டில் விமானம் கட்டுவோர் உலகில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் அலிசேரில் கோவிட் முடக்க காலத்தில் இங்கிலாந்தில் நால்வர் அமரும் விமானமொன்றைப் பாகங்களாக வாங்கிப் பூட்டினார். 2022இல் தம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்தார்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு விமானம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். விமானம் கட்டுபவர் எரிபொருள் தாங்கியில் எவற்றுக்கெல்லாம் பயப்படுகிறாரோ, அவையே எங்கள் உழவு இயந்திரத்தையும் நடு வயலில் நிறுத்துகின்றன. 1990இல் வீட்டையும் வயலையும் விட்டு எழும்பி, பிறகு கூலிக்கு இயந்திரம் பிடித்து விதைக்கும் ஒரு குடும்பத்துக்கு, விதைப்பு நேரத்தில் இரண்டு நாள் தவறினால் அந்தப் போகமே தவறிவிடலாம்.

தாங்கியை ஏன் சிறகுக்குள் வைக்கிறார்கள்? மாட்டு வண்டியில் நெல் மூடைகளை அச்சுக்கு நேரே அடுக்குவோம். பின்னால் கூடினால் நுகம் மேலெழும்பும். முன்னால் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். விமானத்தின் எடை நடுவம் சிறகுக்கு அருகில்தான் அமைகிறது. எரிபொருளும் அங்கேயே இருந்தால், பறக்கப் பறக்க அது குறைந்தாலும் சமநிலை அதிகம் மாறாது. அத்துடன், பறக்கும்போது காற்று சிறகை மேலே தள்ள, உள்ளிருக்கும் எடை அதைக் கீழே அழுத்துவதால் சிறகின் அடி மூட்டுக்குப் பாரம் குறைகிறது. அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-7 என்ற இருவர் விமானத்தில் இரு சிறகுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 159 லீற்றர் பிடிக்கும். அது 115 கிலோ அளவு, இரண்டு நெல் மூடைக்குச் சற்றுக் குறைவு.

இவ்வகை விமானங்களில் சிறகின் முன்பகுதித் தகடே தாங்கியாகிறது. அலுமினியத் தகட்டையும் உள்விலா எலும்புகளையும் நூற்றுக்கணக்கான தறையாணிகளால் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு பொருத்திலும் இரண்டு பசைகளைக் கலந்து பூசுகிறார்கள். கலந்த பசை சில மணி நேரத்தில் இறுகிவிடும். கையில் பட்டால் எளிதில் போகாது. கட்டுவோர் அதிகம் வெறுக்கும் வேலை இதுதானாம். முடிந்ததும் சோதனை. சைக்கிள் கடைக்காரர் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பது போலத்தான்: எல்லா வாயையும் அடைத்து, காற்றோட்டக் குழாயில் ஒரு பலூனைக் கட்டி, மெல்லக் காற்றை ஏற்றி, பொருத்துகள் மேல் சவர்க்காரத் தண்ணீர் பூசுகிறார்கள். ஒரு பவுண்டு அழுத்தம், அதாவது 70 சென்றிமீற்றர் உயரத் தண்ணீரின் பாரம் போதும். அதற்கு மேல் ஏற்றினால் தகடு வீங்கிக் கெட்டுவிடும்.

அந்தக் காற்றோட்டக் குழாயைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். எரிபொருள் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் இயந்திரம் இழுத்தும் பெற்றோல் வராது. குளவி மண்ணால் கூடு கட்டி இந்தச் சிறு குழாயை அடைப்பது விமானக்காரருக்கு நன்கு தெரிந்த ஆபத்து. பல உழவு இயந்திரங்களில் இந்த வேலையைத் தாங்கி மூடியிலுள்ள சிறு துளை செய்கிறது. சேறு பட்டு அது அடைபட்டால் இயந்திரம் சிறிது நேரம் ஓடி நிற்கும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று இழுக்கும். பிறகு மீண்டும் ஓடும். பம்பைக் கழற்ற மெக்கானிக்குக்குக் காசு கொடுக்கும் முன் அந்தத் துளையைப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 720 கிராம், டீசல் 840 கிராம். தண்ணீரோ 1 கிலோ. ஆகவே தண்ணீர் அடியில் தங்கும். தாங்கியின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு வடிகால் வைத்து, பறக்கும் முன் கண்ணாடிக் குவளையில் சிறிது பிடித்துப் பார்ப்பார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குவளை முழுவதும் தண்ணீராயிருந்தால் நடுவில் கோடு தெரியாது. அவசரக்காரர் அதை எரிபொருள் என்றே நினைப்பார். விமானப் பெற்றோலுக்கு நிறம் ஊட்டியிருப்பது இங்கே உதவுகிறது.

பாதி நிரம்பிய தாங்கியில் இரவுக் குளிருக்கு ஈரம் படியும். அதனால் மாலையில் நிரப்பி வைப்பது நல்லது. நிமிர்த்தி வைத்த பீப்பாயின் தலையில் மழைநீர் தேங்கினால், பீப்பாய் குளிரும்போது அடைப்பின் வழியாக அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கூரைக்குக் கீழே வையுங்கள், அல்லது படுக்க வையுங்கள். உருட்டி வந்த பீப்பாயை ஒரு இரவு அசையாமல் விட்டு, அடியில் நாலு விரலளவை விட்டுவிட்டு மேலிருந்து எடுங்கள்.

2022 தட்டுப்பாட்டின்போது பெற்றோலை வீட்டுக்குள் கானிலும் போத்தலிலும் ஒளித்து வைத்தோம். பழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. பெற்றோலின் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு ஊர்ந்து அடுப்பையோ குப்பி விளக்கையோ தேடிப் போகும். கிடுகு வீட்டில் அதற்குப் பிறகு தண்ணீர் அள்ள நேரமிராது. ஓடும் பெற்றோல் மின்னேற்றத்தை உண்டாக்கிப் பொறி பறக்கச் செய்யும் என்பதால்தான், விமானத்துக்கு நிரப்பும்போது குழாயையும் விமானத்தையும் கம்பியால் இணைக்கிறார்கள். நாம் கானில் நிரப்பும்போது மோட்டார் சைக்கிளின் மேலோ லொறிப் பெட்டியிலோ வைக்காமல், நிலத்தில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும். நிரப்பிய கானை வீட்டுக்கு வெளியே, நிழலில், அடுப்படிக்கு எதிர்ப்பக்கமாக, பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.