ஒரு பல்லும் ஒரு முகவரியும்



மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் வற்றுகிறது. நீர் போய்விடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. உயிர்ப் பொருள் கல்லாகும் வகையை விளங்கிக்கொள்ள இக்காட்சி துணைசெய்யும்.

எங்கள் இரும்பைக்கு மேற்கே, திருவக்கரையில், மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பெற்று மணலுள் புதைந்தவை அவை. மணலில் ஊறிய நீரில் சிலிக்கா என்னும் தாதுப்பொருள் கரைந்திருந்தது. அது மரத்தின் நுண்ணறைகளில் சிறுகச் சிறுகப் படிந்தது. மரம் மறைந்தது, அதன் வரிகள் கல்லில் நிலைத்தன. இவ்வாறு நிலைத்தவற்றையே புதைபடிவங்கள் என்கிறோம்.

விலங்குகளின் உடலில் நெடுங்காலம் நிலைக்கத்தக்கது பல். அதன் மேற்பூச்சு எலும்பினும் கடினமானது. பல்லின் வடிவைக் கொண்டு அவ்விலங்கு எவ்வினத்தது, எதைத் தின்றது என்று அறிஞர் உய்த்துணர்கின்றனர்.

அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்றோர் ஊர் உண்டு. டைனோசர்களின் இறுதிக் காலத்தைச் சேர்ந்த அவ்வூர்ப் படிவுகளில் முதலை உறவினம் ஒன்றன் சிறு பற்கள் கிடைத்ததாக 2013-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவை மடகாஸ்கர் தீவில் கிடைத்து, 2000-இல் பெயரிடப்பட்ட சிமோசூக்கஸ் என்னும் விலங்கின் பற்களை ஒத்திருந்தன. ஒரு மீட்டர் நீளமும் இல்லாத, மொட்டை முகமுடைய விலங்கு அது. நிலத்தில் உலவியது; பற்களின் வடிவைக் கொண்டு, இலை தழைகளைத் தின்றது எனக் கருதுகின்றனர். முதலைக் குலத்திலும் இலைதின்னி இருந்தது வியப்பன்றோ!

கடலுக்கு அப்பாலுள்ள தீவின் விலங்குக்கு அரியலூரில் உறவு எப்படி வந்தது? இந்தியாவும் மடகாஸ்கரும் முன்பு ஒரே நிலமாயிருந்தன. ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. பிரியுமுன் இரண்டிலும் வாழ்ந்த பொது மூதாதையின் வழிவந்தவை இவை என்று கொள்ளலாம்.

பிரிந்த இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியது. அக்காலத்தை ஒட்டிய சான்று குஜராத்தில் உள்ளது. நெய்வேலியைப் போன்றே பழுப்பு நிலக்கரி வெட்டிய வஸ்தான் சுரங்கத்தில், ஏறத்தாழ 5½ கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பிரைமேட்டுகளின் படிவங்கள் கிடைத்தன. குரங்கும் மனிதனும் அடங்கிய விலங்கு வரிசையே பிரைமேட். அங்குக் கிடைத்த 25 எலும்புகளைப் பற்றிய ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. அவை மரமேறிய சிறு விலங்குகளுடையவை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அக்காலத்தே வாழ்ந்தவற்றுக்கு உறவானவை. அவ்வினம் வெளியிலிருந்து இங்கு வந்ததா, இங்கிருந்து வெளியே சென்றதா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. எந்த அடுக்கு முந்தியது, எது பிந்தியது என்று தெரிந்தாலன்றித் தீராது. ஆகவே, படிவம் எவ்வளவு இன்றியமையாததோ, அது கிடந்த இடமும் அவ்வளவு இன்றியமையாதது.

இதை நான் காலம் கடந்தே கற்றேன். நான் ஆசிரியனாயிருந்த நாளில் மாணவன் ஒருவன் சுருண்ட கிளிஞ்சல் பதிந்த கல்லொன்றைக் கொண்டுவந்தான். அவன் முதுகில் தட்டிக்கொடுத்து, கல்லை அலமாரியில் வைத்தேன். சில ஆண்டுகள் கழித்து அதைக் கண்ட நிலநூல் அறிஞர் ஒருவர், "எங்கே எடுத்தது, ஐயா?" என்று வினவினார். விடை கூற இயலவில்லை. கிணறு வெட்டிய மண்ணா, வாய்க்கால் கரையா? நான் கேட்டு எழுதவில்லை. மாணவனும் ஊரை விட்டுப் போயிருந்தான். கல் இருந்தது, அதன் முகவரி தொலைந்தது. அவர் அதை மீண்டும் அலமாரியிலேயே வைத்துவிட்டுச் சென்றார். அம்முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

உங்களுக்கும் நாளை ஒரு கல் கண்ணில் படலாம். உடனே பெயர்க்காதீர்கள். ஊர், இடம், ஆழம், நாள் ஆகியவற்றை எழுதுங்கள், படம் எடுங்கள், அறிந்தவரிடம் கூறுங்கள். திருவக்கரை போன்ற காப்பிடங்களில் ஒரு துண்டையும் எடுத்தல் ஆகாது. கோடி ஆண்டுகள் காத்திருந்த சான்று, நம் ஒரு நாள் கவனக்குறைவால் ஊமையாகிவிடக் கூடாது.