உயிர் காக்கும் ஒரு சொல்

ஜெர்மன் மொழி பயிலத் தொடங்கிய நாட்களில், பாடநூலில் ஒரு கதவின் படத்தைக் கண்டேன். அதன்மேல் 'நோட்அவுஸ்காங்' என்று எழுதியிருந்தது. 'அவுஸ்காங்' என்றால் வெளியேறும் வழி என்பதை அறிந்திருந்தேன். 'நோட்' என்பதன் எழுத்துக்களோ, ஆங்கிலத்தில் 'அன்று' எனப் பொருள்படும் சொல்லுக்குரிய அதே மூன்று எழுத்துக்கள். ஆகவே, 'இது வெளியேறும் வழி அன்று' எனக் கொண்டேன். ஆசிரியர் நகைத்துத் திருத்தினார்: தீப்பற்றினால் தப்பிச் செல்லவேண்டிய வழியே அதுதான்!

'நோட்' என்றால் இடுக்கண். இதனை அறிந்தால் வேறு பல சொற்களும் விளங்கும். 'ரூஃப்' என்பது அழைப்பு. 'நோட்ரூஃப்' ஆபத்துக்கால அழைப்பு. 'ஆர்ட்ஸ்ட்' என்பவர் மருத்துவர். 'நோட்ஆர்ட்ஸ்ட்' ஆபத்தில் விரைந்து வரும் மருத்துவர். 'ஃபொயர்' நெருப்பு, 'வேர்' காப்பு. இரண்டும் இணைந்த 'ஃபொயர்வேர்' தீயணைப்புப் படை. காவல்துறைக்குப் பெயர் 'போலிட்சை'.

அந்நாட்டில் போலிட்சையை அழைக்கும் எண் 110. தீயணைப்புக்கும் மருத்துவ உதவிக்கும் 112.

'ஹில்ஃபெ' என்றால் உதவி. இக்குரல் கேட்டும், இயன்ற உதவியைச் செய்யாது வாளாவிருப்பது ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 323-சி பிரிவின்படி குற்றமாகும். ஆதலின், இச்சொல்லைக் கூவ மட்டுமன்று, கேட்டு உணரவும் கற்றல் வேண்டும்.

அறியாத சொல்லை அகராதியில் தேடுகிறோம். அறிந்ததுபோல் தோன்றும் சொல்லையோ தேடாமலே விட்டுவிடுகிறோம். பிழை நுழையும் வாயில் அதுவேயன்றோ!