பிறையும் மாரித் தோட்டமும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையோர ஊர்களில் பிறை கண்டே நோன்பு தொடங்குகிறது. பிறை கண்டே பெருநாளும் பிறக்கிறது. அந்தப் பிறைக் கணக்கைக் கொண்டு கத்தரி நாற்றுமேடை போடும் மாதத்தையும் குறித்துவிடலாமா என்றால், அது இயலாது.

சந்திர மாதங்கள் பன்னிரண்டும் சேர்ந்தால் 354 அல்லது 355 நாட்களே ஆகும். ஆகவே ஹிஜ்ரி ஆண்டு, சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் முந்திச் சென்று, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2000ஆம் ஆண்டில் றமழான் நவம்பர் இறுதியில், மாரி மழைக்குள் தொடங்கியது. 2024இல் மார்ச் மாதத்தில், பெரும்போக அறுவடையை ஒட்டி வந்தது. 2030இல் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் மறுமுறையும் தொடங்கும். ரபீஉல் அவ்வல் என்னும் பெயரில் வசந்தம் இருக்கிறது. மாதம் வசந்தத்தில் தங்குவதில்லை.

மழையோ சூரியனின் போக்கைப் பின்பற்றுவது. கீழைக்கரையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை பெய்துவிடுகிறது. ஆகவே தோட்டக்காரருக்குத் தமிழ் மாதமே துணை. வளவு மணலாதலால் அடைமழை பசளையைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். மக்கிய மாட்டெருவையும் இலைகுழையையும் ஒரே தடவையில் கொட்டாமல், பகுதி பகுதியாக இடவேண்டும். தாழ்ந்த நிலத்தில் பாத்தியை உயர்த்தி, இடையே கான் வெட்டி நீரை வடியவிடவேண்டும். மிளகாய், கத்தரி நாற்றுகளுக்குக் கிடுகுப் பந்தல் வேண்டும். ஆனால் காற்றோட்டமில்லாத பந்தலுக்குள் நாற்று அடியழுகிச் சாய்ந்துவிடும். பலர் கவனியாத இடம் இதுதான். மழை தணியும் தையில் நாற்றைப் பிடுங்கி நட்டு, வேரடியில் வைக்கோல் பரப்பினால் ஈரம் காக்கப்படும்.

வளர்பிறையில் விதைப்பதும் தேய்பிறையில் மரம் வெட்டுவதும் தமிழரிடையே நெடுநாளைய வழக்கங்கள். நிலவு கடல்நீரை இழுப்பது உண்மை. முழுநிலவின் ஒளியோ சூரிய ஒளியில் ஏறக்குறைய நான்கு இலட்சத்தில் ஒரு பங்கே. பிறைக்கேற்ப விளைச்சல் கூடும் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஒரு நாளைக் குறித்துவைத்து, அதற்குள் பாத்தியைத் தயார் செய்ய அவ்வழக்கம் உதவினால் நன்றே. ஆனால் இரு மழைகளுக்கிடையே கிடைக்கும் நாலைந்து வெயில் நாட்களை, வளர்பிறைக்குக் காத்திருந்து தவறவிட்டால், அடுத்த மழை விதையை மண்ணுக்குள்ளேயே அழுகச் செய்துவிடும்.