'தெரியாது' என்று சொல்லத் தெரியாத ராஜு

தவறு செய்தவன் மனம் வருந்துவான், உண்மையை ஒப்புக்கொள்வான், திருந்துவான். பல கதைகளில் நாம் பார்த்துப் பழகிய பாதை இது. ஆர்.கே. நாராயண் எழுதி 1958இல் வெளிவந்த 'தி கைட்' நாவல் அந்தப் பாதையில் செல்லவில்லை. எனக்கு அது பிடித்துப்போனதற்கு அதுவே முதல் காரணம்.

சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த நாராயண், எளிய ஆங்கிலத்தில் எழுதியவர். அவர் கற்பனையில் உருவான மால்குடி என்ற ஊர்தான் கதைக்களம். 1960இல் இந்நாவல் சாகித்திய அகாடமி விருது பெற்றது.

நாயகன் ராஜு ரயில் நிலையத்தில் கடை நடத்துகிறான். பயணிகள் எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அந்தப் பழக்கமே அவனைச் சுற்றுலா வழிகாட்டி ஆக்குகிறது. குகை ஓவியங்களை ஆராய வந்த மார்க்கோவின் மனைவி ரோசியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். கணவரால் கைவிடப்பட்டவளைப் புகழ்பெற்ற நடனமணியாக உயர்த்துகிறான். அவள் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஆடம்பரமாக வாழவும் செய்கிறான். கடைசியில், அவளது நகைப்பெட்டி தொடர்பான ஆவணத்தில் அவள் கையொப்பத்தைத் தானே போட்டுச் சிறைக்குப் போகிறான்.

விடுதலையானதும் ஆற்றங்கரையில் உள்ள பாழடைந்த கோயிலில் அமர்ந்திருக்கிறான். வேலன் என்ற கிராமத்தவன் அவனை மகான் என்று எண்ணிவிடுகிறான். உணவு தேடி வருகிறது. ராஜுவும் மறுப்பதில்லை. பஞ்சம் வந்தபோது, அவன் சொல்லியனுப்பிய செய்தி திரிந்துபோய், சாமியார் மழைக்காக உண்ணாநோன்பு இருக்கப்போகிறார் என்று ஊரே நம்புகிறது.

தப்பிக்க வழியின்றி, தன் கடந்த காலம் முழுவதையும் ராஜு வேலனிடம் கொட்டுகிறான். என்னைச் சிந்திக்க வைத்த இடம் இது. அவ்வளவையும் கேட்ட பிறகும் வேலனின் நம்பிக்கை குறையவில்லை! உண்மையைச் சொன்னதால் ராஜுவுக்கு விடுதலை கிடைக்கவில்லை. பசியோடு சில நாட்கள் போராடிய பிறகே, தனக்கு எந்த ஆதாயமும் இல்லாத ஒரு செயலை வாழ்வில் முதன்முறையாக முழு மனத்தோடு செய்யத் துணிகிறான். அவன் மாறுவது அங்கேதான்.

1965இல் தேவ் ஆனந்த் நடித்து வெளிவந்த இந்தித் திரைப்படத்தில் மழை கொட்டுகிறது. நாவலோ தளர்ந்துபோன ராஜு ஆற்றுநீரில் சரிவதோடு முடிந்துவிடுகிறது. மலைப்பக்கம் மழை பெய்வதாக அவன் சொல்கிறான். அது உண்மையா, பசி மயக்கமா என்பதை நாராயண் சொல்லவில்லை.

மழை வந்ததா என்பதை வைத்து ராஜுவை அளக்க எனக்கு விருப்பமில்லை. போலியாகத் தொடங்கிய நோன்பை அவன் உண்மையாக முடித்தான். எனக்கு அது போதும். மாணவர்களே, உங்களுக்கும் போதுமா? படித்துவிட்டு நண்பர்களோடு விவாதித்துப் பாருங்கள்.