மடிக்கணினி ஒலிப்பதிவும் மின்னிரைச்சலும்: களப்பணியாளருக்கு ஒரு விளக்கம்

நாட்டார் வழக்காறுகளைத் திரட்டும் ஆய்வாளனுக்கு ஒலிப்பதிவு வெறும் துணைக்கருவியன்று. அதுவே மூல ஆதாரமாகும். முதுமையெய்திய அண்ணாவியார் ஒருவர் பாடிக்காட்டும் கூத்துத் தருவையோ, மூதாட்டி ஒருவரின் ஒப்பாரியையோ மீண்டும் பதிவுசெய்யும் வாய்ப்பு எப்பொழுதும் கிட்டுவதில்லை. எனவே, பதிவினுள் ஊடுருவும் இரைச்சலைச் சிறிய தொழில்நுட்பக் குறையென ஒதுக்கிவிட முடியாது. அது ஆதாரத்தின் தரத்தைப் பற்றிய பிரச்சினையாகும்.

மின்கலத்தில் இயங்கிய பழைய நாடாப் பதிவுக் கருவிகளுக்கு மின்வழங்கல் வலையமைப்புடன் தொடர்பு இருக்கவில்லை. மடிக்கணினி இந்நிலையை மாற்றிவிட்டது. கணினி, அதனுடன் யு.எஸ்.பி. வடத்தால் இணைக்கப்படும் ஒலி இடைமுகம், ஒலிவாங்கி ஆகிய யாவும், மின்னேற்றி செருகப்பட்ட கணமே, நமது நாட்டின் 230 வோல்ற்று, 50 ஹேட்சு ஆடலோட்ட வழங்கலுடன் ஏதோவொரு வகையில் உறவு கொள்கின்றன.

இவ்வுறவு எவ்வாறு ஏற்படுகின்றது? மின்னேற்றி, ஆடலோட்டத்தை முதலில் ஏறத்தாழ 325 வோல்ற்று நேரோட்டமாக்குகின்றது. பின்னர் அதனைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை துண்டித்துத் தொடுத்து, சிறியதொரு நிலைமாற்றியினூடாகச் செலுத்தி, ஏறக்குறைய 20 வோல்ற்றாகக் குறைக்கின்றது. இத்துண்டிப்பால் எழும் உயர் மீடிறன் குழப்பத்தை அடக்கும்பொருட்டு, நிலைமாற்றியின் இரு பக்கங்களையும் இணைத்துச் சிறிய கொள்ளளவி ஒன்று வைக்கப்படுகின்றது. இதனூடாக மிகச் சிறிய ஆடலோட்டம் கணினிப் பக்கத்திற்குக் கசிகின்றது. இரு ஊசிச் செருகியுள்ள மின்னேற்றியில் இணைத்த கணினியின் உலோக உடலைத் தடவும்போது உணரப்படும் மெல்லிய அதிர்வு இக்கசிவின் விளைவேயாகும்.

கசிவு சிறிதாயினும் ஒலிவாங்கியின் சமிக்ஞை அதனினும் சிறிது. இயங்கு சுருள் ஒலிவாங்கியின் முன் இயல்பாகப் பேசும்போது கிடைப்பது ஒரு மில்லிவோல்ற்றினும் குறைவாகும். 0.1 மில்லியம்பியர் கசிவோட்டம் 1 ஓம் தடையுள்ள வடக்கவசத்தினூடாக ஓடின், 0.1 மில்லிவோல்ற்று அங்கு தோன்றும். பாடகரின் குரலோடு ஒப்பிடத்தக்க அளவில் இரைச்சலும் பதிவாவதன் காரணம் இதுவே.

மூன்று ஊசிச் செருகியால் புவித்தொடுப்புப் பெறும் மின்னேற்றியில் பிரச்சினை வேறு வடிவம் கொள்கின்றது. கணினி ஒரு குதையிலும் மண்டபத்தின் விரியலாக்கி மற்றொரு குதையிலும் புவித்தொடுக்கப்பட்டிருக்க, இரண்டையும் ஒலிவடம் இணைக்குமாயின், புவிக்கம்பிகளும் வடக்கவசமும் சேர்ந்து ஒரு மூடிய தடமாகின்றன. இத்தடத்தில் ஓடும் ஓட்டம் 50 ஹேட்சிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹேட்சிலும் ரீங்காரமாகக் கேட்கும். மாறாக, திரையில் பக்கங்களை நகர்த்தும்போது மாறுபடும் மெல்லிய கீச்சொலி, கணினியின் உட்சுமை மாற்றங்களோடு தொடர்புடையது. துண்டிப்பு மீடிறன் செவிக்கு எட்டாததெனினும், சுமை ஏறி இறங்குவதால் விளையும் அலைவு செவிக்கு எட்டும்.

காரணத்தைக் கண்டறியும் முறை எளிது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல் வேண்டும். முதலில் மின்னேற்றியைக் கழற்றி, கணினியை மின்கலத்தில் இயக்குக. இரைச்சல் மறையின் அது மின்னேற்றி வழியே வந்ததாகும். மறையாவிடின் ஒலிவாங்கியின் வடம், அருகிலுள்ள கைத்தொலைபேசி, ஒளிமங்கற் கருவி ஆகியவற்றை ஐயுறுக. மின்னேற்றி செருகியிருக்கையில் விரியலாக்கியின் இணைப்பை மட்டும் நீக்கியதும் ரீங்காரம் நிற்குமாயின், குற்றம் புவித்தடத்திலேயே உள்ளது.

பரிகாரங்களுள் முதன்மையானது மின்கலத்தில் பதிவுசெய்தலே. நீண்ட பதிவுக்கு அது போதாவிடின், எல்லாக் கருவிகளையும் ஒரே குதைத்தொகுதியில் இணைத்தல் தடத்தின் பரப்பைச் சுருக்கும். சமநிலை வடங்களைப் பயன்படுத்தின், இரு கம்பிகளிலும் ஒரே அளவாக ஏறும் இரைச்சல் பெறும் முனையில் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். விரியலாக்கியுடன் தொடுக்க நேரின், ஒலித் தனிப்படுத்தல் நிலைமாற்றி ஒன்றை இடையில் வைப்பது தடத்தை அறுக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ரீங்காரத்தைப் போக்குவதற்குச் செருகியின் புவி ஊசியை நீக்குவோர் உளர். இரைச்சல் மறைதலுங் கூடும். ஆயின், புவித்தொடுப்பை நம்பி அமைக்கப்பட்ட கருவியில் காவலி பழுதுறின், முழு 230 வோல்ற்றும் உலோக ஒலிவாங்கியைப் பற்றியுள்ள பாடகரின் கையை அடையக்கூடும். ஈரநிலத்தில் வெறுங்காலுடன் நிற்கும் கலைஞருக்கு இது உயிராபத்தாகும். எப்பதிவும் அவ்விலைக்கு உரியதன்று.

பின்னர் வடிகட்டி நீக்கிவிடலாம் என்னும் நம்பிக்கையும் முழுமையாகப் பொருந்தாது. ஆடவர் பேச்சுக்குரலின் அடிப்படை மீடிறன் பெரும்பாலும் 100 முதல் 150 ஹேட்சு வரையில் அமைகின்றது. ரீங்காரத்தின் மடங்குகளும் அங்கேயே உள. மத்தளத்தின் தாழ்ந்த நாதத்துக்கும் இவ்விடர் உண்டு. ஒன்றை வெட்டும்போது மற்றதும் குறைபடும். ஆய்வாளன் பின்னர் ஆராய்வது கலைஞரின் குரலையா, வடிகட்டியின் விளைவையா என்னும் ஐயம் எழும்.

ஆகவே, பதிவுக்கு முன் ஒரு நிமிட மௌனத்தைப் பதிந்து செவிக்கருவியில் கேட்டல், மின் இணைப்பின் விபரத்தைக் களக்குறிப்பில் எழுதுதல் ஆகிய இரண்டும் கள ஆய்வு நெறியின் பகுதிகளாகக் கொள்ளப்படல் வேண்டும். மக்கள் கலைகளை ஆராய்வோர் கருவியின் இயல்பைத் தொழில்நுட்பவியலாளரிடம் மட்டும் விட்டுவிடுதல் தகாது. பாடியவரின் குரல் சிதையாது அடுத்த தலைமுறையைச் சேர்வது, பதிவுசெய்வோரின் இவ்வறிவிலும் தங்கியுள்ளது.